கோப்பைத் திருத்தும் கை

மென்பொருள்களைச் சோதிப்பது என் தொழில். பிறர் எழுதிய நிரல் எந்த இடத்தில் உடையும் என்று தேடிக் கண்டுபிடித்து, அதற்காகக் கூலி பெறுபவன். வேலை வெளியூர் நிறுவனங்களுக்கு. குடியிருப்பதோ ஐந்தருவிக்குச் செல்லும் சாலையில். ஆனி, ஆடி மாதங்களில் இங்கே சாரல் இறங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. மின்சாரமும் அவ்வப்போது விடைபெற்றுக் கொள்ளும். செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் நம் கணினியில் உள்ள கோப்புகளைத் திறந்து, படித்து, திருத்துவதற்குப் பயன்படும் கருவிகளைச் சோதிக்கும் பணி அண்மைக் காலமாக என்னிடம் வருகிறது.

கடந்த பருவத்தில் ஒரு பிற்பகல், பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மடிக்கணினியைப் பாலித்தீன் உறையில் சுற்றி மார்போடு அணைத்தபடி வந்தார். "தம்பி, நாப்பது பக்கத்தைக் காங்கலியே" என்றார். உட்காரச் சொன்ன பிறகும் அவர் உட்காரவில்லை.

தென்காசி வட்டாரத்துத் தொழிலாளர்களின் பேச்சில் உள்ள சொற்களைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருபவர் அவர். கொத்தனார்கள், தச்சர்கள், மண்பாண்டம் செய்வோர், செக்கு ஆட்டுவோர் என்று தொழிலுக்கு ஒரு கோப்பு. எந்தச் சொல்லை யார் சொன்னார், எந்த ஊரில் சொன்னார் என்பதெல்லாம் வரிசை எண்ணோடு இருக்கும். மணியாசுக்கட்டை, ரசமட்டம், தூக்குக்குண்டு என்று நமக்குத் தெரிந்தவை அதில் கொஞ்சம்; தெரியாதவையே மிகுதி. பழைய பதிவுகளில் "கொத்தன் சொன்னது" என்று எழுதியிருந்தது அவருக்கு உறுத்தியிருக்கிறது. எண்பது வயதைத் தாண்டிய ஒருவரை அப்படிக் குறிப்பது முறையன்று என்று தோன்ற, எல்லா இடங்களிலும் "கொத்தனார்" என்று மாற்றும்படி, பேரன் கணினியில் நிறுவிக் கொடுத்திருந்த உதவியாளரிடம் எழுதிக் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு சொல். மரியாதைக்காகச் செய்த ஒரு திருத்தம்.

"எல்லா இடங்களிலும் மாற்றப்பட்டுவிட்டது, கோப்பு வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்று பதில் வந்தது. கோப்பைத் திறந்தால் 52 பக்கம் 12 பக்கமாகச் சுருங்கியிருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தின் முடிவில் அவர் எழுதாத ஒரு வரி: "மீதமுள்ள பதிவுகள் மாற்றமின்றித் தொடர்கின்றன." தொடர்வதற்கு அதன் கீழே எதுவுமில்லை.

இரண்டு மணி நேரம் அமர்ந்து அந்த உதவியாளரின் நடவடிக்கைப் பதிவை வரிவரியாகப் படித்தேன். அதில் நான் கண்டதைச் சொல்வதற்கு முன், இந்தக் கருவி எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நாம் உரையாடும் மொழி மாதிரி, அதாவது 'மூளை' என்று நாம் நினைத்துக்கொள்ளும் பகுதி, நம் கோப்பைத் தொடுவதே இல்லை. அதனால் செய்ய முடிந்தது சொற்களை எழுதுவது மட்டுமே. "இந்தக் கோப்பில் இந்த வரியைத் தேடு, அதற்குப் பதில் இந்த வரியை வை" என்று அது ஓர் ஆணை எழுதும். அந்த ஆணையை வாங்கி வட்டில் உண்மையாகவே எழுதுவது வேறொரு சிறிய நிரல். கோப்பைத் திருத்தும் கருவி என்பது அதுதான். பலவற்றில் சில நூறு வரிகளுக்கு மேல் இராது. மாதிரியைப் பற்றி உலகமே பேசுகிறது. எழுதும் கையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் ஒரு கோப்பு அழியுமானால் அது அந்தக் கையின் வழியாகத்தான் அழிய முடியும்.

பெரும்பாலான கருவிகளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேலே சொன்னபடி குறிப்பிட்ட சொற்றொடரைத் தேடி மாற்றுவது. மற்றொன்று, கோப்பு முழுவதையும் புதிதாக எழுதி, பழையதன்மேல் வைத்துவிடுவது. நம் ஆசிரியரின் கோப்பில் உதவியாளர் முதலில் முதல் வழியைத்தான் முயன்றிருக்கிறது. முதல் பன்னிரண்டு பக்கங்களில் மாற்றம் நடந்தது. அதற்குப் பிறகு "தேடிய சொல் இல்லை" என்று கருவி சொல்லியிருக்கிறது. கண்ணுக்கு முன்னால் "கொத்தன்" என்று பளிச்சென்று இருக்கிறது. கருவியோ இல்லை என்கிறது. மூன்று முறை முயன்று தோற்ற பின், உதவியாளர் இரண்டாவது வழிக்குப் போய்விட்டது. முழுக் கோப்பையும் மீண்டும் எழுத முற்பட்டு, நீளம் மிகுந்ததும், நீண்ட உரைகளில் இத்தகைய மாதிரிகள் பலமுறை செய்வதுபோல், 'மற்றவை முன்போலவே' என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டது. மனிதர்களுக்கிடையே அது ஒரு சுருக்கக் குறிப்பு. கருவிக்கோ அதுவும் எழுதப்பட வேண்டிய எழுத்து. அப்படியே எழுதிவிட்டது.

கண்ணுக்குத் தெரியும் சொல் கருவிக்கு ஏன் தெரியவில்லை? இங்கேதான் தமிழுக்கே உரிய சிக்கல் இருக்கிறது. ஒருங்குறி எனப்படும் யூனிகோடில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒரே குறியீட்டை வைக்கலாம். அல்லது 'க'வுக்குப் பின் எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். "கொத்தன்" என்ற சொல் நமக்கு நான்கு எழுத்து. முதல் முறையில் கணினிக்கு அது 7 குறியீடு, 21 பைட். இரண்டாம் முறையில் 8 குறியீடு, 24 பைட். இரண்டும் சமமானவை என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் கருவிக்கு அவை இரு வேறு சொற்கள்.

ஆசிரியரின் கோப்பில் முதல் பகுதி அண்மையில் கைப்பேசியில் தட்டச்சு செய்தது. எஞ்சியதில் பெரும்பகுதி, பல ஆண்டுகளுக்கு முன் பழைய எழுத்துருவில் அடித்து, பிறகு மாற்றி ஒன்றின் உதவியால் ஒருங்குறிக்குக் கொண்டு வந்தது. அந்த மாற்றி கொம்பையும் காலையும் பிரித்தே வைத்திருந்தது. நம்மில் எத்தனை பேரிடம் இப்படிப்பட்ட கோப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பாமினி, டிஸ்கி, 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய டாம், டாப் என்று பல குறியாக்கங்களில் தட்டச்சு செய்து வளர்ந்தது நம் தலைமுறை. 2010-இல்தான் ஒருங்குறியை அரசு முறைப்படி ஏற்றது. பதிப்பகங்கள், கோயில் அலுவலகங்கள், ஆய்வாளர்கள், பள்ளிகள் என எல்லாரிடமும் மாற்றப்பட்ட கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. வெளியே ஒரே தமிழ். உள்ளே பல தமிழ்.

இதைவிட வேடிக்கையான பிழையும் உண்டு. ஒரு கட்டுரையில் 'பல' என்ற சொல்லை எங்கும் 'சில' என்று மாற்றச் சொன்னால் என்ன ஆகும்? 'பலா' என்பது கணினிக்கு 'பல' என்பதோடு ஒரு கால் சேர்ந்தது. 'பல்லி'யும் 'பல' என்றே தொடங்கி, அடுத்ததாக ஒரு புள்ளியைப் பெறுவது. ஆகவே குற்றாலத்துப் பலாப்பழம் சிலாப்பழம் ஆகும். சுவரில் உள்ள பல்லி சில்லி ஆகும். ஆங்கிலத்திலும் சொல்லுக்குள் சொல் ஒளிந்திருக்கும் சிக்கல் இருக்கிறது. அங்கே 'முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் மாற்று' என்று சொன்னால் போதும். தமிழில் அதுவும் கைகொடுக்காது. பரவலாகப் புழங்கும் பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான தேடல் முறை, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்பாகவே கருதுவதில்லை. 'பலா'வில் கால் தொடங்கும் இடத்தில் சொல் முடிந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். கருவியை எழுதியவர் ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்து நிறைவடைந்திருப்பார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பலாப்பழம் அவருடைய சோதனைப் பட்டியலில் இருந்திருக்க வழியில்லை.

ஆனாலும் ஆசிரியரின் நாற்பது பக்கங்களை விழுங்கியது இந்தக் குறியீட்டுச் சிக்கல் அன்று என்பதே என் முடிவு. "தேடிய சொல் இல்லை" என்று கருவி சொன்னது சரியான பதில். அத்துடன் நின்றிருந்தால் எந்தக் கேடும் இல்லை. நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல், வேறு கதவைத் திறந்துவிட்டதே குற்றம். 1,900 வரிகள் இருந்த கோப்பு 430 வரியாக மாறப் போகிறது என்பது எழுதுவதற்கு முன்பே கருவிக்குத் தெரியும். இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும். ஒரு சொல்லை மாற்றக் கேட்ட இடத்தில் முக்கால் பங்கு காணாமல் போகிறதே என்று அது கேட்டிருக்க வேண்டாமா?

ஒரு கருவி எத்தனை திருத்தங்களைச் செய்கிறது என்பதைவிட, எப்போது செய்ய மறுக்கிறது என்பதைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும் என்று நான் கருதுகிறேன். இது நமக்குப் புதியதன்று. உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்த இடங்களில் புள்ளிகளை இட்டார். 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. யாப்பறிந்த அவருக்கு ஒரு சீரை இட்டு நிரப்புவது பெரிய காரியமா? நிரப்பவில்லை. தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று காட்டுவது பதிப்பாசிரியரின் பணிகளுள் ஒன்று என்று அவர் அறிந்திருந்தார்.

உலக அளவில் 2025 ஜூலை மாதம் இதற்கு இரண்டு பெரிய பாடங்களைத் தந்தது. அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ரெப்லிட் என்ற தளத்தின் உதவியாளரைக் கொண்டு ஒரு செயலியை உருவாக்கிக் கொண்டிருந்தார். அனுமதியின்றி எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று அவர் திரும்பத் திரும்ப எழுதியிருந்த நிலையில், 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அடங்கிய தரவுத்தளத்தை அது அழித்துவிட்டது. அழித்ததோடு, பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை என்றும் சொன்னது. உண்மையில் வழி இருந்தது; தரவுகள் மீட்கப்பட்டன. ரெப்லிட்டின் தலைமைச் செயல் அதிகாரி அம்ஜத் மசாத் வருத்தம் தெரிவித்து, சோதனைக்கான தரவுத்தளத்தையும் நடப்பிலுள்ள தரவுத்தளத்தையும் தனித்தனியே பிரிக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். 'கூடாது' என்று சொல்வது காவல் ஆகாது. கதவைப் பூட்டுவதே காவல் என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொண்டது.

அதே மாதம், கூகுளின் ஜெமினி கட்டளைவரிக் கருவியைப் பயன்படுத்திய ஒருவர், கோப்புகளை ஒரு புதிய கோப்புறைக்கு மாற்றச் சொன்னார். கோப்புறை உருவாகவில்லை. உருவாகிவிட்டது என்று உதவியாளர் எடுத்துக்கொண்டு, கோப்புகளை ஒவ்வொன்றாக 'நகர்த்தியது'. விண்டோஸில் சேருமிடம் இல்லாதபோது, நகர்த்து என்ற கட்டளை கோப்பின் பெயரையே அந்தச் சேருமிடத்தின் பெயராக மாற்றிவிடும். இரண்டாவது கோப்பு முதல் கோப்பின்மேல் விழுந்தது, மூன்றாவது இரண்டாவதன்மேல். பயனர் பின்னர் ஆராய்ந்து எழுதியபடி, ஒவ்வொரு நகர்த்தலும் முந்தையதை அழித்திருக்கிறது. ஒரு கட்டளை நிறைவேறியதா என்று திரும்பிப் பார்த்திருந்தால் நேர்ந்திராத விபத்து அது. நம் ஆசிரியரின் கோப்பிலும் இதே பிழைதான். எழுதிய பின், எழுதியதை யாரும் படித்துப் பார்க்கவில்லை.

எல்லை தாண்டுவது வேறொரு வகை ஆபத்து. 'இந்தக் கோப்புறைக்குள் மட்டும் வேலை செய்' என்று நாம் வரம்பு கட்டலாம். ஆனால் அந்த வரம்பைக் கருவி எப்படிச் சரிபார்க்கிறது? ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. என்ற இணைப்பு முறையோடு வந்த கோப்புக் கருவியில், 2025-இல் சைமுலேட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார் இரண்டு ஓட்டைகளைக் கண்டறிந்தனர். அனுமதிக்கப்பட்ட பெயரில் தொடங்குகிறதா என்று மட்டும் அது பார்த்ததாம். 'குற்றாலம்' என்ற கோப்புறைக்கு அனுமதி தந்தால், 'குற்றாலம்-வங்கிக்கணக்கு' என்ற பக்கத்துக் கோப்புறையும் அதே எழுத்துகளில் தொடங்குவதால் திறந்துகொள்ளும். மற்றொன்று, உள்ளே இருப்பதுபோல் தோன்றி வெளியே அழைத்துச் செல்லும் குறுக்கு இணைப்பு. இரண்டும் சரிசெய்யப்பட்டுவிட்டன. ஆனால் இவற்றைச் செய்தவர்கள் திறமையற்றவர்கள் அல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எல்லை கட்டுவது அவ்வளவு எளிதன்று.

சரி, நல்ல கருவி எப்படி இருக்க வேண்டும்? திருத்தப் போகும் கோப்பை முதலில் படித்திருக்க வேண்டும். படித்த பிறகு வேறு யாரேனும் அதை மாற்றியிருந்தால் எழுத மறுக்க வேண்டும். தேடும் சொற்றொடர் சரியாக ஓரிடத்தில் இருந்தால் மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு இடங்களில் இருந்தால் எதை என்று கேட்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால், எத்தனை இடங்கள் என்று எண்ணிக்கை காட்ட வேண்டும். ஒப்பிடும்போது ஒருங்குறியின் இரு வடிவங்களையும் ஒன்றாகக் கருதலாம். ஆனால் நாம் தொடச் சொல்லாத வரிகளில் ஒரு பைட்டையும் 'சீர்திருத்த'க் கூடாது. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். உதவி செய்வதாக எண்ணி, கோப்பு முழுவதையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவார்கள். பாடபேதம் ஆராய்பவர்களுக்கு அந்த உதவி பேரிழப்பு.

எழுதும் முறையை விளக்க எங்கள் ஊரே உதவும். குற்றாலம் பேரருவியின் நீர் மலையிலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, அதன் பிறகே கீழே இறங்குகிறது. அந்தக் குழி இல்லாவிட்டால் அங்கே யாரும் நின்று குளிக்க முடியாது. கோப்புக்கும் அப்படியோர் இடைநிலை வேண்டும். மூலக் கோப்பின்மேல் நேரடியாக எழுதக் கூடாது. அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுவதையும் எழுதி, அது வட்டில் பதிந்துவிட்டதா என்று உறுதிசெய்து, கடைசியில் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். அந்தப் பெயர்மாற்றம் ஒரே நொடிப்பில் நடக்கும்படி இயங்குதளங்கள் வசதி தருகின்றன. பழைய கோப்பு இருக்கும், அல்லது புதிய கோப்பு இருக்கும். பாதி எழுதிய கோப்பு என்ற ஒன்று இராது. பழைய பிரதியை ஓரிடத்தில் காத்து வைப்பதும் கட்டாயம். பதிவுத் துறையில் பத்திரத்தில் பிழை இருந்தால் பழைய பத்திரத்தைச் சுரண்டி எழுதுவதில்லை. பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியே எழுதிப் பதிகிறார்கள். பழையதும் இருக்கும், திருத்தமும் இருக்கும். அந்த வழக்கத்தைக் கணினிக்குள் கொண்டுவருவதில் என்ன தடை?

ஒவ்வொரு செயலுக்கும் முன் 'செய்யட்டுமா?' என்று அனுமதி கேட்டால் போதும் என்பார் சிலர். அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. முதல் முறை படித்துப் பார்த்து 'ஆம்' என்போம். பத்தாவது முறை படிக்காமலே 'ஆம்' என்போம். ஆசிரியரும் 'ஆம்' என்றுதான் அழுத்தியிருந்தார். அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி, "கோப்பை எழுத அனுமதிக்கிறீர்களா?" என்பது மட்டுமே. "1,470 வரிகள் நீங்கப் போகின்றன" என்று கேட்டிருந்தால் அவர் விரல் நின்றிருக்கும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இத்தகைய கருவியைச் சோதிப்பதில், சரியான உள்ளீடு கொடுத்துச் சரியான விடை வருகிறதா என்று பார்ப்பது மிகச் சிறிய பகுதி. 1988-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடிமழை பெய்த ஓர் இரவில் தொலைபேசி இணைப்பு வழியாகத் தம் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். மழையால் கம்பியில் ஏற்பட்ட இரைச்சல், அவர் அடித்த கட்டளைகளுக்கு நடுவே குப்பை எழுத்துகளை நுழைத்தது. அதற்கே பல நிரல்கள் செயலிழந்து விழுந்தன. இதையே ஒரு சோதனை முறையாக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. மாணவர்களைக் கொண்டு யூனிக்ஸ் கருவிகளுக்குத் தாறுமாறான எழுத்துகளை ஊட்டிப் பார்த்தார். 1990-இல் முடிவுகள் வெளிவந்தன: சோதித்தவற்றில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விழுந்துவிட்டன. 'ஃபஸ்' சோதனை என்று இன்று உலகெங்கும் வழங்குவது அந்த மழை இரவின் பிள்ளை. சாரலில் மின்சாரம் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

நான் செய்வதும் ஏறத்தாழ அதுவே. கருவி எழுதிக்கொண்டிருக்கும்போதே அதன் இயக்கத்தை வெட்டிவிடுவேன்; வட்டில் இடமில்லாமல் செய்வேன்; எழுதும் அனுமதியை நடுவழியில் பறிப்பேன். இவற்றுக்குப் பிறகு கோப்பு பழையதாகவோ புதியதாகவோ முழுமையாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கோப்புகளை நிரலே தாறுமாறாக உருவாக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு திருத்தம் செய்து, உடனே அதற்கு எதிர்த் திருத்தம் செய்தால், பைட் மாறாமல் பழைய கோப்பு திரும்ப வர வேண்டும். எழுத்துகளை எண்ணிக் கோப்பைத் துண்டாக்கும் கருவிகள் இங்கே அடிக்கடி சிக்குகின்றன. தமிழின் ஒவ்வொரு குறியீடும் பரவலான யு.டி.எஃப்-8 முறையில் 3 பைட். 1,024 பைட்டுக்கு ஒரு துண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், 1,024 மூன்றால் வகுபடாது. ஏதோ ஓர் எழுத்து நடுவில் அறுபடும். அறுபட்ட இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி ஒன்று தோன்றும். இணையத்தில் பலரும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

கருவியைச் செப்பனிட்டால் மாதிரியின் வேலையும் மேம்படும் என்பதற்குச் சான்று உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், நிரல் திருத்தும் உதவியாளருக்கு ஒரு தனிக் கருவி அமைத்தனர். இலக்கணப் பிழையுள்ள திருத்தத்தை அது ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடும். மாதிரியை மாற்றாமல், கருவியைச் செம்மை செய்ததாலேயே அதிகச் சிக்கல்கள் தீர்ந்தன. மறுக்கும் கருவி வேலையைக் கெடுக்கவில்லை, வேலையைத் திருத்தியது.

இந்தச் சோதனைகளைத் தமிழில் யார் செய்வது? வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் மொழிகளில் சோதித்துவிட்டு அனுப்புகின்றன. ஐந்தருவியிலிருந்து சிறிது தொலைவில் உள்ள மத்தளம்பாறையில் 2011-இல் சிறிய அலுவலகமாகத் தொடங்கிய ஜோஹோ, 2025-இல் தன் சொந்த மொழி மாதிரியை அறிவித்தது. கிராமத்தில் இருந்துகொண்டே இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகமோ பல்கலைக்கழகங்களோ முன்வந்து, தமிழ்க் கோப்புகளுக்கான பொதுச் சோதனைத் தொகுப்பு ஒன்றை உருவாக்கி இலவசமாக வெளியிட வேண்டும். அதில் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரை இருக்க வேண்டும்; இரு வடிவ ஒகர, ஓகாரங்கள் இருக்க வேண்டும்; 'கௌ' என்று அடிப்பதற்குப் பதில் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து அடித்த பிழைகள் இருக்க வேண்டும்; கிரந்தத்தின் 'ஸ்ரீ' இரு குறியீடுகளிலும் இருக்க வேண்டும். நான்கு கல்லூரி மாணவர்கள் ஒரு பருவம் உழைத்தால் முடியும். எந்த நிறுவனமும் தன் கருவியை அதன்மேல் ஓட்டிப் பார்க்கலாம். தவறினால் எங்கே தவறியது என்று எவரும் காட்டலாம். இப்போது அப்படிக் காட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் தம் கோப்பைப் பலி கொடுத்தே தெரிந்துகொள்கிறோம்.

ஆசிரியரின் கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கருவி பழைய பிரதியை வைத்திருக்கவில்லை. மூன்று வாரங்களுக்கு முன் மகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த ஒரு பிரதி கிடைத்தது. அது வரையிலானவை மீண்டன. இடையிலுள்ள மூன்று வாரப் பதிவுகள் போயின. அவை பெரும்பாலும் இலஞ்சியில் ஒரு முதிய கொத்தனாரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டெழுதியவை. குறிப்பேடு இல்லையா என்றேன். "நேரடியா இதிலேயே அடிச்சேன் தம்பி, வசதியா இருந்துச்சு" என்றார்.

மழை வெறித்த ஒரு நாள் மீண்டும் இலஞ்சிக்குப் போனார். கொத்தனார் மறுபடியும் சொன்னார். முன்பு சொல்லாத சில சொற்களைக்கூடச் சொன்னார். ஆனால் முதல் முறை சொன்ன இரண்டு சொற்கள் மட்டும் அவருக்கும் நினைவுக்கு வரவில்லை, கேட்டவருக்கும் நினைவில்லை. ஒன்று சுண்ணாம்புச் சாந்து தொடர்பானது என்பது வரை தெரிகிறது. உதவியாளரைக் கேட்டால் பொருத்தமான சொல் ஒன்றை உடனே எழுதித் தந்துவிடும். அவர் கேட்கவில்லை. அந்த இரண்டு வரிசை எண்களுக்கும் எதிரே புள்ளி இட்டு வைத்திருக்கிறார்.